அவர் பெயரில் அருச்சனை செய்த நான்கு சில்லுகள்

எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு அலோய் கார்ச் சில்லுகள் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. வெள்ளிபோல மினுங்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள், "உதை ஏன் காருக்குப் போடேல்லை?" என்று. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. ஒரு தரம் எழுதி வைத்துவிடுகிறேன். கேட்கிறவர்கள் வாசிக்கட்டும்.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. இயந்திர அறையில் நிற்பவர். ஒருமுறை ஏறினால் எட்டு மாதம், ஒன்பது மாதம், சில வேளை அதற்கும் மேலே. அவருடைய அப்பாவும் கப்பல்காரராக இருந்து காலமானவர். கடற்கரைக் குடும்பம் என்றாலும் இப்போது நாங்கள் இருப்பது நெல்லியடிக்குக் கிட்ட, அவருடைய அம்மாவின், அதாவது மாமியின், சீதனக் காணியில். பிள்ளைகள் இல்லை. நானும் மாமியும், முற்றத்தில் அவருடைய சின்னக் காரும்.

அவர் வரும் நாள் எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. அதைப் பற்றி எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடிப்பார்கள். மச்சாள்மார், சின்னமாமா, அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளுக்குத் தின்ன முறுக்கு, சத்தி எடுத்தால் பிடிக்கப் பை. அவர் வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கட்டிப்பிடிப்பார்கள். நான் ஓரமாக நின்று சிரிப்பேன். பிறகு அவரை முன் சீட்டில் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். அவரும் சாரதியும் பெற்றோல் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருவார்கள். நான் கடைசிச் சீட்டில் யாருடையதோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். அத்தனை மாதம் காத்திருந்தவளுக்கு யாழ்ப்பாணம் வரைக்கும் தெரிவது அவருடைய பிடரி மட்டும்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். சனம் கலைய இரவாகிவிடும். அதற்குள் அவருக்கு நித்திரை வந்துவிடும்.

இந்த முறை விமானத்தில் சென்னை வழியாகப் பலாலியில் வந்து இறங்கப்போவதாகச் சொன்னார். பலாலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதைக் கேட்ட அன்றே முடிவெடுத்தேன். அவரை நானே போய்க் கூட்டி வருவேன். நான் மட்டும். காரை நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் இருப்பார். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டும். ஒரு பெண் தன்னுடைய புருசனோடு ஒரு மணித்தியாலம் இருக்க ஆசைப்படுவது பெரிய பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

அவருக்குத் தெரியாமல் கார் ஓடப் பழகினேன். லைசன்சும் எடுத்தேன். மாமிக்குத் தெரியும். பழகப் போகும் நாட்களில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். "எத்தினை வான் கிடக்கு ஊரிலை, உனக்கேன் உந்த விசர் வேலை" என்பார். நான் காது கேளாதவள்போலப் போய்விடுவேன்.

ஓடப் பழகியாயிற்று. கார்தான் ஓடுகிற நிலையில் இல்லை. ஒவ்வொரு முறையும் கப்பலுக்குப் போக முதல் அவர் காரைக் கல்லில் ஏற்றி, சில்லு நிலத்தில் படாமல் வைத்துவிட்டுத்தான் போவார். இந்த முறை திடீரென்று கூப்பிட்டபடியால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். வெயிலிலும் மழையிலும் நின்று ரயர் நான்கும் வெடித்துப்போயிற்று. இரும்பு ரிம்மில் விரலால் தொட்டால் துரு உதிர்ந்தது.

அவருக்கோ நெடுநாளாக ஓர் ஆசை. போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போதெல்லாம், "உந்த இரும்புச் சில்லைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அலோய் போடவேணுமப்பா" என்பார். "முதல்லை வாங்கோ, பிறகு போடுவம்" என்பேன். நடுக்கடலில் நின்றுகொண்டு அந்த மனிதர் சில்லுக் கனவு காண்பார். நான் அந்த மனிதரைக் கனவு காண்பேன்.

ஆகவே நீர்வேலியில் ஒருவர் ரயரோடு நான்கு அலோய் சில்லு விற்கிறார் என்று போனில் விளம்பரம் பார்த்தபோது, பிள்ளையாரே அனுப்பி வைத்தார் என்று நினைத்தேன். காரும் ஓடும், அவர் ஆசையும் தீரும். நெல்லியடியில் எங்களுடைய காரைப் பார்க்கிற கராஜ்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"எத்தினை ஓட்டை, தங்கச்சி?" என்றார்.

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். "நாலு, அண்ணை."

"உங்கடை காருக்கும் நாலுதான். அப்ப கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ."

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஓட்டோ பிடித்து நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து தாண்டிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். விற்பவர் வாழைத்தோட்டக்காரர், அறுபது வயதிருக்கும். குலை வெட்டி அடுக்கிய கொட்டிலுக்குப் பின்னால் சில்லுகளைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். வெளிநாட்டுக்குப் போன மகனுடைய காரில் கிடந்தவையாம். கார் விற்றாயிற்று, சில்லு மிஞ்சிவிட்டதாம். நான் குனிந்து பார்க்கத் தொடங்க, அவர் சுவர் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, ராகு காலம் தொடங்கப்போகுது. அதுக்கு முன்னம் ஏத்திப்போடுங்கோ. பிறகு ஆறுதலாப் பாக்கலாம்."

அவருக்கு ராகு காலத்தில் பொருள் கைமாறக்கூடாது. எனக்கு ராகு காலத்தில் பொருள் வாங்கக்கூடாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சில்லை உருட்டிக்கொண்டு ஓடினோம். ஓட்டோக்காரர் மற்ற இரண்டையும் தூக்கினார். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்க எல்லாம் ஏற்றியாயிற்று. "அப்பாடா" என்று அவர் வியர்வையைத் துடைத்தார், நானும் துடைத்தேன். ஒரு அளவுநாடா எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மடியில் ஒரு சில்லு, காலடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. அப்படியே வருகிற வழியில் ஒரு பிள்ளையார் கோவில். வாகனம் வாங்கினால் கோவிலில் பூசை போட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வாகனத்துக்கு உள்ளது சில்லுக்கு இல்லையா என்று ஓட்டோவை நிற்பாட்டினேன்.

ஐயர் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். சில்லுக்குத் தனியாகப் பூசை செய்தது இதுதான் முதல் தரமாம். சிரித்துக்கொண்டே விபூதியும் சந்தனமும் எடுத்து வந்தார்.

"ஆற்றை பேருக்கு, பிள்ளை? நட்சத்திரம்?"

எங்கள் வீட்டில் அவருடைய பெயரை ஒருவரும் சொல்வதில்லை. மாமி அவரைத் "தம்பி" என்பார். நான் "இஞ்சாருங்கோ" என்பேன். புருசனின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், அப்படியே பழகிவிட்டது. நான் அதைச் சொல்லும் ஒரே இடம் கோவில். பெயரைச் சொன்னேன். "அனுசம், விருச்சிக ராசி" என்றேன். ஐயர் அந்தப் பெயரை மந்திரத்தோடு சேர்த்துக் கணீரென்று சொன்னார். இத்தனை மாதமாக என் காதில் விழாத பெயர். சுகமாகப் போய்ச் சேர, சுகமாகத் திரும்பி வர என்று சொல்லி ஒவ்வொரு சில்லின் நடுவிலும் சந்தனப் பொட்டு வைத்துப் பூப் போட்டார். நான் றோட்டில் நின்று அழுதேன். ஓட்டோக்காரர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார், நல்ல மனிதர்.

அங்கிருந்து நேரே கராஜ். காரை முதல் நாளே கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டிருந்தார்கள். கராஜ்காரர் ஒரு சில்லைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி… ஓட்டை நாலுதான். ஆனால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையிலை தூரம் கூட. உது வேறை காரின்ரை. கொழுவாது."

"நீங்கள்தானே அண்ணை நாலெண்டால் சரியெண்டனீங்கள்!"

"சொன்னனான்தான். சொல்லியிருக்கக்கூடாது."

அவர் அப்படி ஒத்துக்கொண்டபடியால் எனக்கு ஏசவும் முடியவில்லை. ஏசக் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அங்கே கிடந்த ரயர் ஒன்றின்மேல் இருந்துகொண்டு, "இப்ப நான் என்னெண்டு பலாலிக்குப் போறது?" என்று அவரைத்தான் கேட்டேன். அவருக்கு நான் ஏன் பலாலிக்குப் போகிறேன் என்றே தெரியாது.

நீர்வேலிக்காரருக்குப் போன் எடுத்தேன். "ஐயோ பிள்ளை, கொழுவாட்டி என்ன செய்யிறது, கொண்டாங்கோ" என்றார். அடுத்த நாளே அதே ஓட்டோவில் கொண்டுபோனேன். வாசலிலேயே வந்து நின்றார். கையை நீட்டி முதல் சில்லை வாங்கப் போனவர், நடுவில் காய்ந்திருந்த பொட்டைக் கண்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"அருச்சனை செய்ததே?"

"ஓம்."

"ஆற்றை பேரிலை?"

"அவற்றை பேரிலை. கப்பலிலை நிக்கிறார்."

மனிதர் இரண்டடி பின்னுக்குப் போனார். "சுகமாத் திரும்பி வரவெண்டு ஒரு மனிசன்ரை பேரிலை பூசை செய்ததை நான் என்னெண்டு திருப்பி வாங்கிறது பிள்ளை? என்ரை பெடியனும் வெளியிலைதான் நிக்கிறான். காசை வேணுமெண்டால் கொண்டு போங்கோ. சில்லை மட்டும் இஞ்சை இறக்காதேங்கோ."

அவர் சொல்லும்வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. திரும்பி வரவேண்டும் என்று கேட்டுப் பூசை செய்த பொருளை நானே திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறேன். காசும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே ஓட்டோவில் அதே சில்லுகளோடு திரும்பினேன். தோட்டக்காரர் ஒரு இதரை வாழைக்குலையைத் தூக்கி ஓட்டோவுக்குள் திணித்துவிட்டார். வேண்டாமென்றாலும் விடவில்லை.

அன்று பின்னேரம் கப்பலிலிருந்து அவர் போன் எடுத்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னப்பா, மாத்தாள் வந்து சேரேல்லை. அவன் வராமல் என்னை இறக்கமாட்டாங்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கும்."

"சரி" என்று மட்டும் சொன்னேன். மேலே கதைத்திருந்தால் சில்லுக் கதை முழுக்க வந்திருக்கும். போனை வைத்துவிட்டு விறாந்தையில் போய் அந்தச் சில்லுகளுக்கு முன்னால் குந்தி இருந்தேன். நீ திருப்பிக் கொடுக்கப் போனாய், அவர் திரும்பி வரவில்லை என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. படித்தவளுக்கு இப்படி ஒரு பயமா என்று கேட்பீர்கள். கப்பலில் ஆள் உள்ள வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும். "பிள்ளையாரே, நான் தெரியாமல் செய்துபோட்டன், இனி அசைக்கமாட்டன்" என்றேன். மாமி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வந்து காய்ந்த பூவை எடுத்துவிட்டு ஒரு செம்பரத்தம்பூவை வைத்தார்.

அடுத்த கிழமை கராஜ்காரரே போன் எடுத்தார். குற்ற உணர்ச்சி அவரைத் தூங்கவிடவில்லைப்போல. "தங்கச்சி, ரிம்தான் கொழுவாது. ரயர் நல்ல ரயர், அளவும் சரி. அதைக் கழட்டி உங்கடை பழைய இரும்பு ரிம்முக்குப் போட்டுத் தாறன். கூலி வேண்டாம். ஆனால் ரிம்மிலை துருவை உரஞ்சிப் பெயின்ற் அடிக்கவேணும்."

"அண்ணை, பூசை செய்தது ரயருக்கோ ரிம்முக்கோ?" என்று கேட்டேன்.

"பிள்ளையார் அப்பிடிப் பிரிச்சுப் பாக்கமாட்டார்" என்றார்.

ரயர் கழற்றிய அலோய் ரிம் நான்கும் திரும்ப விறாந்தைக்கு வந்தன. இரும்பு ரிம் நான்கும் முற்றத்துக்கு வந்தன. நான் சாக்கு விரித்து இருந்து துருவை உரஞ்சத் தொடங்கினேன். கை விரலெல்லாம் தோல் கழன்றது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மாமி, "அப்பிடித் தேய்ச்சால் பொங்கலுக்கும் முடியாது" என்று சொல்லிக்கொண்டு ஒரு மரக்குத்தியைப் போட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தார். எழுபது தாண்டிய மனுசி. என்னிலும் பார்க்க வேகமாக உரஞ்சினார்.

"நான் ஒரு நாளும் போகேல்லை," என்றார், ரிம்மிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கை மாமி?"

"மாமாவைக் கூட்டிவர. ஆம்பிளையள் போவினம். நான் அடுப்படியிலை நிப்பன். வெளியிலை சனமெல்லாம் அவரோடை சிரிச்சுக் கதைக்கிறது கேக்கும். நான் மீன் பொரிச்சுக்கொண்டு நிப்பன். எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் முகத்தைப் பாக்கிறது."

நான் உரஞ்சுவதை நிற்பாட்டினேன். அவர் நிற்பாட்டவில்லை.

"பார், உதிலை இன்னும் துருக் கிடக்கு," என்றார்.

கறுப்புப் பெயின்ற் நான்தான் அடித்தேன். திரள் திரளாக வந்தது. வடிவென்று சொல்ல ஏலாது. ஆனால் ரயர் போட்டதும் கார் ஓடியது. நெல்லியடி வரைக்கும் போய்த் திரும்பியபோது மாமி படலையில் நின்று பார்த்தார். அதன்பிறகு வான் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. "ஆர் கேட்டாலும் நீ மட்டும் போ, நான் சமாளிக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் மாத்தாள் வந்து சேர்ந்தான். அவரும் இறங்கினார்.

பலாலியில் அவர் பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் காரில் இருந்தபடி ஹோர்ன் அடித்தேன். மெலிந்திருந்தார். காதோரம் நரை கூடியிருந்தது. காரைக் கண்டதும் தன்னுடைய கார் என்ற பழக்கத்தில் சாரதிப் பக்கக் கதவுக்கு வந்தார். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு அப்படியே நின்றார். "நீயே?" என்றார். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. சிரித்துவிட்டார். எத்தனையோ மாதம் போனில் பார்த்த சிரிப்பில்லை இது, பல்லும் கண்ணும் சேர்ந்த முழுச் சிரிப்பு. சுற்றி வந்து மற்றப் பக்கம் ஏறினார். சில்லை அவர் பார்க்கவே இல்லை.

என்னென்ன சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவரிடமிருந்து எண்ணெய் மணமும் சவர்க்கார மணமும் வந்தன. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வசாவிளான் தாண்டினோம். செம்மண் தோட்டங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு கையை உள்ளே எடுத்தார்.

"என்னப்பா, ஒண்டு சொல்லவேணும். வீட்டை போய்ச் சனத்துக்கு முன்னாலை சொல்ல ஏலாது."

"சொல்லுங்கோ."

"இந்த முறை ஒரு மாசந்தான். திரும்பவும் வரச் சொல்லிப்போட்டாங்கள். ஓமெண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மாதம்! அதில் கோவில் பாதி, கலியாண வீடு பாதி, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு பாதி. எனக்கென்று என்ன மிஞ்சும்? கண் மங்கியது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன். அச்சுவேலிச் சந்தி வந்தது. நெல்லியடிக்கு வல்லைப் பக்கம் போகவேண்டும். நான் தொண்டைமானாற்றுப் பக்கம் திருப்பினேன்.

"உங்காலை எங்கை போறாய்?" என்றார்.

"தெரியாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு அவருடைய கை வந்து கியர்க் கம்பியில் இருந்த என் கையின்மேல் இருந்தது. எடுக்கவில்லை.

கடல் தெரியத் தொடங்கியபோது என் போன் அடித்தது. மாமி. பக்கத்தில் இருந்தவர் எடுத்து என் காதோடு பிடித்தார்.

"எங்கை பிள்ளை நிக்கிறியள்? பிளேன் வந்து எவ்வளவு நேரம். சனமெல்லாம் வந்து குவிஞ்சு போச்சு."

மாமிக்குப் பின்னால் மச்சாள்மாரின் சத்தம், பிள்ளைகளின் சத்தம், யாரோ கதிரை இழுக்கிற சத்தம் எல்லாம் கேட்டது.

"சில்லுக் காத்துப் போயிட்டுது மாமி," என்றேன்.

"எந்தச் சில்லு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "நாலும்," என்றேன்.

பக்கத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி போனை வைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சனத்துக்குச் சொல்வது கேட்டது.

"கார் பழுதாம். நாலு சில்லும் காத்துப் போயிட்டுதாம். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ, அவை வரப் பொழுதுபட்டிடும்."

அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை.